முதலில் ஜமுக்காளத்தை விரியுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அயனாவரத்தில் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை நாங்கள் கூடி உட்கார்ந்து பாடுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான்.

எங்கள் குடியிருப்பில் அறுபது வீடுகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், கரண்ட் இல்லை. மேல் மாடி வீடுகளில் பத்துப் பத்துப் பேராகப் படுத்துத் தூங்கினோம், ஒரே அடுப்பில் உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். அப்போது இருந்த ஒட்டுறவு இப்போது இல்லை. வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தால் பார்க்கிங் சண்டைதான். நீங்கள் எழுதியதுபோல ஒரு மாலை நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது அக்கா?
— வாசகி, பள்ளிக்கரணை

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெள்ளத்தின்போது உங்கள் எல்லாரிடமும் கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது. ஒருத்தர் வீட்டில் கேஸ், ஒருத்தர் வீட்டில் ரவை, இன்னொருத்தரிடம் டார்ச் லைட். கொடுத்ததால்தான் பழகினீர்கள். தண்ணீர் வடிந்ததும் கொடுப்பதற்கு அவசியம் இல்லாமல் போனது, அவ்வளவுதான் நடந்தது. ஒரு பாட்டும் ஒரு பிடி ரவையும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ஆளுக்கு ஒன்று கொண்டுவரும்படி கேளுங்கள், மற்றது நடக்கும்.

வாட்ஸ்ஆப் குழுவில் அறிவிப்புப் போடாதீர்கள். போட்டால் நாற்பது கட்டைவிரல் வரும், நாலு பேர் வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "வருவீர்களா" என்று கேட்காதீர்கள். "உங்களுக்கு என்ன தெரியும்" என்று கேளுங்கள். ஒன்றும் தெரியாது என்றுதான் முதலில் எல்லாரும் சொல்வார்கள். கொஞ்சம் நின்றால், பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டது, கோயிலில் தேவாரம் சொன்னது, விசிலடித்தே முழுப்பாட்டைப் பாடிவிடும் மாமா, பாரதியார் பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் வாட்ச்மேன் அண்ணன் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். முதல் மாலைக்கு மூன்று பேர் போதும்.

இந்த மூன்று பேரில் யாரை முதலில் பாட வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாங்கள் இதில் ஒரு முறை தப்புச் செய்தோம். ஆரம்பித்த இரண்டாவது மாதம், பதினோரு வருஷம் முறையாகப் பாட்டுக் கற்ற ஒரு பெண்ணை முதலில் பாடச் சொன்னோம். வர்ணம் பாடினாள், அப்படி ஒரு அழகு, கை வலிக்கத் தட்டினோம். அப்புறம் அடுத்து யார் என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பாட வந்திருந்தவர்கள்கூட "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனை முதலில் பாடச் சொன்னோம். பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தார், சுருதி கொஞ்சம் மேலே போய்விட்டது. சரணத்தில் உச்சிக்குப் போகும் இடத்தில் தொண்டை உடைந்து காற்றுதான் வந்தது. நிறுத்திவிட்டார். வெள்ளைத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, இறக்கிப் பிடிக்கிறேன்" என்று சொல்லித் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அதே இடம் வரும்போது அவரைத் தாங்கிப் பிடிப்பதுபோல ஏழெட்டுக் குரல் கூடவே சேர்ந்தது. யாரும் சொல்லிச் சேரவில்லை. அன்றைக்குப் பதினான்கு பேர் பாடினார்கள். அந்தப் பெண் கடைசியில் பாடினாள், எல்லாரும் இன்னும் நன்றாகக் கேட்டார்கள்.

மேடை வேண்டாம், வரிசை நாற்காலி வேண்டாம். ஜமுக்காளத்தை விரித்து வட்டமாக உட்காருங்கள். முட்டிவலிக்காரர்களுக்கு நாற்காலி போடுங்கள், ஆனால் அதே வட்டத்திலேயே போடுங்கள், பின்னால் தள்ளிப் போட்டால் அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வரவேற்புரை எதுவும் கூடாது என்பது என் பிடிவாதம். சங்கத் தலைவர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்பார்கள். அவரையும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள்.

மைக்கும் வேண்டாம். அறுபது வீட்டிலிருந்து முப்பது பேர் வந்தாலும் வட்டத்துக்குள் குரல் கேட்கும், மைக் வந்தால் ஒருத்தர் பாட மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். என்றைக்காவது பெரிதாக நடத்தி ஒலிபெருக்கி வைப்பதானால் முன்கூட்டியே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் உண்டு. ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வீட்டிலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று. அவர்கள் ஆடட்டும், பாடட்டும். ஆனால் மாலை முழுக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியாகிவிட்டால் பெரியவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றுவிடுவார்கள். பிள்ளை பாடினால் அப்பாவோ அம்மாவோ கூடவே பாட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு வைத்துப் பாருங்கள்.

சுண்டலுக்கு மாதம் ஒரு வீடு. உங்கள் பக்கம் சதுப்புநிலக் காற்றோடு கொசுவும் வரும், நாலு மூலையிலும் கொசுவர்த்தி ஏற்றி வையுங்கள். தேதியை மாற்றவே மாற்றாதீர்கள்.

நான் ரிட்டயர் ஆனவன். பாட்டு கேட்கப் பிடிக்கும், ஆனால் ராகம் தெரியாது, தாளம் போட வராது. ஒரு முறை டிசம்பர் கச்சேரிக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவர் பட்டுச் சேலைக்கார அம்மாவிடம் ராகத்தின் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கே இடமில்லை என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன்.
— வாசகர், வில்லிவாக்கம்

நீங்கள் எழுந்து வந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது ஐயா. திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த டிசம்பர் இசை சீசன் எப்படி வந்தது என்று பாருங்கள். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாநாடு கூடியபோது அதோடு சேர்த்து ஓர் இசை மாநாடும் நடத்தினார்கள், அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாதமி பிறந்தது. ஊர் ஊரிலிருந்து அரசியல் பேச வந்த ஜனங்கள் கூடிய இடத்தில் முளைத்த விஷயம்தான் இது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்ததும், கேட்கிறவனுக்குப் புரிகிற மொழியில் பாடுங்கள் என்ற கோரிக்கையால்தான். அவர்களுடைய ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனைப் பக்கம், ஹைகோர்ட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே நடக்கும் விழாவுக்குப் போய்ப் பாருங்கள். பாட்டின் சொல் காதில் விழும்போது ராகத்தின் பேர் தெரியாதது ஒரு குறையாகவே தோன்றாது.

இன்னொரு வழி, பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. வளர்ந்துவரும் பிள்ளைகள் பாடுவார்கள். முந்நூறு நாற்காலியில் முப்பது பேர் இருப்பார்கள், அந்த முப்பதில் பாதி பாடகரின் சொந்தக்காரர்கள். அங்கே நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினால் மேடையில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா? எத்தனையோ பாடகர்கள் மதியக் கச்சேரியில் தலையாட்டிய ஒரு முகத்தைப் பார்த்தே பாடியதாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

மயிலாப்பூர் மாட வீதிக்கு மார்கழி விடியற்காலையில் ஒரு நாள் போங்கள். கர்நாடக இசைப் பாட்டுகள் இயற்றிய பாபநாசம் சிவன் (1890–1973) தம் காலத்தில் அந்த வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு சுற்றி வந்தவர். சபாவில் பாடும் வித்வான், சந்து வீட்டுப் பிள்ளைகள், கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே கோஷ்டியாக நடந்தது அது. இன்றைக்கும் மார்கழியில் பஜனை சுற்றுகிறது. நடந்துகொண்டே பாடும்போது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ராகம் என்று சொல்ல மூச்சு இருக்காது.

தாளம் தொடையில் தப்பாக விழுந்தால் விழட்டும்.

நான் வியாசர்பாடி. ஒரு வருஷமாகப் பறை கற்றுக்கொள்கிறேன். நண்பன் வீட்டு அபார்ட்மெண்டில் பொங்கலுக்குக் கலைநிகழ்ச்சி வைத்தார்கள், நான் வாசிக்கிறேன் என்று சொன்னேன். "சாவு மேளமெல்லாம் இங்கே வேண்டாம்" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். நான் என்ன செய்வது அக்கா?
— வாசகர், வியாசர்பாடி

தம்பி, அந்த வார்த்தை உனக்கு எங்கே வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது மேளத்தைப் பற்றி இல்லை, அதை வாசிக்கும் மனிதர்களைப் பற்றி. சாதிதான் அங்கே பேசியது. அதை வேறு பெயரில் சொல்லி மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்று வரிசையாகச் சொல்லி அந்த வரிசையிலேயே பறையையும் வைக்கிறது. அந்தப் பெரியவர் வீட்டில் மார்கழியில் திருப்பாவை சொல்கிறவர்களாக இருந்தால், முதல் பாசுரத்திலேயே பறை வருகிறது என்று நண்பனை விட்டு நினைவூட்டலாம். உரைகாரர்கள் அதற்கு வேறு பொருளும் சொல்வார்கள், சொல்லட்டும், சொல் அங்கே இருக்கிறது. 2025-ல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2007-ல் சென்னை சங்கமம் கலைவிழா தொடங்கியபோது பூங்காவிலும் தெருமுனையிலும் பறையாட்டம் நடந்தது, காய்கறிப் பையோடு வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். 2023-லிருந்து அரசே மறுபடி பொங்கலுக்கு அதை நடத்துகிறது. இதையெல்லாம் நீ நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் கையில் இருக்கட்டும்.

எங்கள் மாடிக்குப் போன ஆவணியில் இரண்டு பிள்ளைகள் பறையோடு வந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த மாலை, ஈரக்காற்று. தோல் தொய்ந்துபோய்ப் பொத்தென்று ஒரு சத்தம்தான் வந்தது. மாடி மூலையில் நாலு செங்கல்லை அடுக்கி, பழைய செய்தித்தாளும் தேங்காய் நாரும் போட்டுக் கொளுத்தினார்கள். வேப்பமரச் சட்டத்தைப் பிடித்துத் தீக்கு நேராகத் தோலைக் காட்டி, சுற்றி, விரலால் தட்டி, காது வைத்து, மறுபடி காட்டி, இப்படி ஐந்து நிமிஷம். பொத்துப் பொத்தென்று இருந்த சத்தம் மெல்ல இறுகி இறுகி, ஒரு தட்டில் டங்கென்று கண்ணாடிபோல நிமிர்ந்தது. வட்டமாகக் குந்தியிருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் "ஹா" என்றன. இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. அதில் ஒரு பையன் எங்கள் வீட்டு மூன்றாவது மாடிப் பாட்டியின் கையில் அடிக்குச்சியைக் கொடுத்து, "பாட்டி, நடுவுல ஒரு அடி குடுங்க" என்றான். பாட்டி கொடுத்தார். ஒரு அடிதான். அப்புறம் அவர் குச்சியைத் திருப்பித் தர ரொம்ப நேரம் ஆனது.

நீ செய்ய வேண்டியது, வேண்டாம் என்ற இடத்தில் போய்க் கெஞ்சாதே. உன் தெருவில் வை. நண்பனை அங்கே அழை, அவனோடு அந்த அபார்ட்மெண்ட் பிள்ளைகளும் வரட்டும். பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-லிருந்து சில வருஷம் விழா நடந்ததே, அதில் சபாவில் பாடுகிறவர்கள் மீனவர் குப்பத்துக்கு வந்து பாடினார்கள். கேட்க ஆசைப்பட்ட நகரத்து ஜனங்களும் அந்த மணலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அப்படி வரட்டும். அயனாவரம் ஒன்றும் வியாசர்பாடிக்குத் தூரமில்லை, எங்கள் மாடிக்கு நீ எப்போது வந்தாலும் செங்கல் அங்கேயேதான் இருக்கிறது.

தலை குனிந்த நண்பனிடம் கோபத்தை வைத்துக்கொள்ளாதே. ஆனால் அடுத்த தடவை அவன் வாய் திறந்து பேச வேண்டும், அதை அவனிடம் நேராகச் சொல்.

கூட்டத்தில் சினிமாப் பாட்டு பாடினால் உரிமைப் பிரச்சினை வருமா?
— வாசகர், போரூர்

வராது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில், பணம் வாங்காமல் கேட்பவர்கள் முன்னால் பொழுதுபோக்குக் குழுக்கள் பாடுவதற்கும் நடிப்பதற்கும் விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டால் கதை வேறு. பாடியதை வீடியோவாக்கி இணையத்தில் ஏற்றுவதும் வேறு கதைதான். ஏற்றாமல் இருப்பதே நல்லது என்பேன், சட்டத்துக்காக மட்டும் இல்லை, படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் தொண்டை உடைகிறவர்கள் பாட மாட்டார்கள். பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை, அதில் யோசிக்கவே வேண்டியதில்லை.

அம்மாவுக்கு 74 வயது. அப்பா போன பிறகு திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தை விட்டு எங்களோடு வந்துவிட்டார். ஊரில் நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு எல்லாம் அவர்தான் எடுத்துக் கொடுப்பாராம். இங்கே வந்து மூன்று வருஷத்தில் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. பாடும்மா என்றால் "மறந்துபோச்சு" என்கிறார். பால்கனியிலேயே உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மாதிரி ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போனால் பாடுவாரா?
— வாசகி, அம்பத்தூர்

மறந்திருக்காது அம்மா. நடவுப் பாட்டு தனியாகப் பாடுகிற பாட்டே இல்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒருத்தி ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள், குனிந்து நிற்கும் இருபது பெண்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், அந்த நேரத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரியைக் கட்டுவாள். உங்கள் அம்மா முதல் வரி பாடினால் அம்பத்தூர் பால்கனியில் யார் வாங்கிப் பாடுவார்கள்? அவருக்குப் பாட்டு இருக்கிறது, எதிர்க்குரல்தான் இல்லை.

ஆகவே "பாடும்மா" என்று கேட்காதீர்கள். வாங்கிப் பாடும் வரியை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். தப்பாகப் பாடுங்கள், திருத்துவார். திருத்தும்போது அவரை அறியாமல் அடுத்த வரி வந்துவிடும். மூன்று குரல் வீட்டில் தயாரான பிறகு கூட்டத்துக்கு அழைத்துப்போங்கள், போகும்போது அந்த மூன்று குரலும் கூடவே போகட்டும்.

எங்கள் மாடிக்கு இப்படி ஓர் அம்மா வந்தார், செய்யாறு பக்கம். நாலு மாதம் ஒன்றும் பாடவில்லை. ஐந்தாவது மாதம் யாரோ ஒரு கிராமத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது தற்செயலாக அவர் கையைப் பார்த்தேன். வலது கை விரல்கள் மூன்றும் சேர்ந்து மடியில் குத்திக் குத்தி எழுந்துகொண்டிருந்தன, நாற்று ஊன்றுவதுபோல, இடைவெளிகூட ஒரே அளவாக. பாட்டு முடிந்ததும் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் பாடினார். குலவை போடத் தெரிந்த இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும். புதிதாகச் சேர்ந்த ஆட்களை ஏழு மாதம் பார்த்தார்கள். சிலர் சேர்ந்து பாடும் வகுப்பு, சிலர் கைவினை, சிலர் எழுதும் வகுப்பு. பாடுகிறவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் நெருங்கிவிட்டார்கள். ஏழு மாத முடிவில் மூன்று வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. இதில் இரண்டு சேதி இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களைக் கூட்டினால் முதலில் பாட வையுங்கள். பாடவே வராது என்பவர் கூடையோ கோலமோ போட்டாலும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தால் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வார், கொஞ்சம் நாள் கூடப் பிடிக்கும். உங்கள் அம்மா பாடாவிட்டாலும் அழைத்துப்போவதை நிறுத்தாதீர்கள்.

எங்கள் நலச்சங்கத்தில் தெருக்கூத்துக் குழு ஒன்றை அழைக்க நினைக்கிறோம். முழு இரவு முடியாது, ஒரு மணி நேரம் போதும். எவ்வளவு கொடுப்பது? சிலர், "நல்ல விளம்பரம் கிடைக்கும், போக்குவரத்துச் செலவு கொடுத்தால் போதும்" என்கிறார்கள்.
— வாசகர், மேற்கு மாம்பலம்

போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்துக் கூத்தாடிகளை அழைப்பதை விட அழைக்காமல் இருந்துவிடுங்கள். இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வந்தால் விளம்பரம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவோமா?

நாங்கள் ஒருவருக்கொருவர் பாடிக்கொள்வது வேறு, அதில் பணமே கூடாது. தொழிலாகச் செய்கிறவரை அழைக்கும்போது அவர் கேட்கும் தொகையை முன்கூட்டியே பேசி, பாதியை அட்வான்ஸாகக் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால் பெரிய தொகையாகத் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் மீதியைக் கையில் கொடுத்துவிடுங்கள், "நாளைக்கு ஜீ-பே பண்ணுகிறோம்" என்பது வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குக் குறைத்து ஆடச் சொல்வதைப் பற்றி. கூத்து இரவு தொடங்கி விடிய விடிய நடப்பது. கட்டியக்காரன் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்து, இரண்டு பேர் திரை பிடிக்க அதன் பின்னாலிருந்து ஒரு வேஷம் காலை மட்டும் காட்டி, பாடி, திரையை இழுத்து, பிறகு முகத்தைக் காட்டும். அந்தத் திரை வருகைக்கே நேரம் வேண்டும். எதை எடுப்பது எதை விடுவது என்பதைக் கூத்துக் குழுவின் வாத்தியாரிடமே விட்டுவிடுங்கள், நகரத்தில் ஆடிப் பழகிய குழுக்கள் இரண்டு மணி நேரத்துக்கு அழகாகக் கட்டித் தருவார்கள். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கோடையில் கேட்காதீர்கள், ஊர்த் திருவிழாவும் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துமாக அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம், வேஷம் கட்ட நல்ல வெளிச்சமும் ஃபேனும் கண்ணாடியும் கழிவறையும் உள்ள ஓர் அறை. பார்க்கிங்கில் ஸ்க்ரீன் கட்டித் தருவது அவமரியாதை. அரிதாரம் பூசி, மரத்தாலான கட்டை அணிகளைக் கட்டி, கிரீடம் ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். அவர்கள் சம்மதித்தால் உங்கள் குழந்தைகளை ஐந்து ஐந்து பேராக உள்ளே அனுப்புங்கள். தினம் பார்க்கும் ஒரு மாமாவின் முகம் மெல்ல மெல்ல துரியோதனனாக ஆவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை அதை மறக்காது.

செய்யாறு பக்கத்தில் புரிசை என்ற ஊரின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடும் குடும்பம் அங்கே இருக்கிறது. புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னையிலிருந்து அரைநாள் பயணம்கூட இல்லை. உங்கள் சங்கத்திலிருந்து பத்துப் பேர் ஒரு முறை வண்டி வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஊருக்குப் போய் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் பணம் எவ்வளவு என்ற கேள்வியே உங்கள் கூட்டத்தில் வேறு மாதிரி பேசப்படும்.

எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேச்சே இல்லை, சொத்துத் தகராறு. அவர்களையும் அழைக்கலாமா?
— வாசகி, திருவொற்றியூர்

அழையுங்கள். வரமாட்டார்கள். அடுத்த மாதமும் அழையுங்கள்.

போன இதழில் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே ஒரு மாலை நடத்தினேன். நாற்பது பேருக்குச் சுண்டல் செய்தேன், ஏழு பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேர் என் வீட்டார். ஒருத்தர் கடைசி வரை ஒன்றும் பாடவில்லை, மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே நின்றுவிட்டுப் போனார். சுண்டலை இரண்டு நாள் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர், "ஆசை தீர்ந்ததா" என்று கேட்கிறார். திரும்பவும் வைப்பதா வேண்டாமா?
— வாசகி, கொளத்தூர்

நாங்கள் 2017-ல் ஆரம்பித்த முதல் மாலைக்கு ஐந்து பேர் வந்தோம். எட்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, ஜமுக்காளத்தைத் தலைக்கு மேலே ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு பாடினோம். அந்த ஐந்து பேரில் ஒருத்தர் பிறகு துபாய் போய்விட்டார், ஒருத்தர் கொரோனாவில் போய்விட்டார். மற்ற மூன்று பேரும் இன்றைக்கும் இரண்டாம் சனிக்கிழமை ஆறு மணிக்கே மாடியைக் கூட்ட வந்துவிடுகிறோம்.

வையுங்கள். அதே தேதி, அதே நேரம். சுண்டல் பத்துப் பேருக்குப் போதும்.

கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றவர் பாடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடைசி வரை நின்றார் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் எந்த வீடு என்று தெரியுமா? அடுத்த மாலைக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போய், ஜமுக்காளம் விரிக்க ஒரு கை வேண்டும், ஆறு மணிக்கு வர முடியுமா என்று கேளுங்கள். பாடச் சொல்லிக் கேட்க வேண்டாம். மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.